மாமாவின் கசெட்

பிள்ளை பொய் சொல்கிறது என்று தெரிந்தும் கேளாமல் விட்டால் அது அன்பா, பொறுப்பின்மையா? நேற்று சுவரெல்லாம் கிறுக்கிவிட்டு "நான் இல்லை அம்மா" என்றாள் என் மகள். நானும் பேசாமல் துடைத்தேன். செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு மேலறையில் அம்மாவின் தம்பி இருந்தார். பப்புவா நியூ கினியில் பேசப்படும், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சிறு மொழிகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"மூண்டு அக்காவும் ஒரு தங்கச்சியும் மாதிரி," என்பார் மாமா. "அக்காமாருக்குக் கனக்க கசெட் இருக்கு. தங்கச்சிக்கு இது ஒண்டுதான்."

அந்த ஒரே கசெட்டில் ஒரு கிழவி, பன்றிக்குட்டி தொலைந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாத கசெட் அது. இன்னொருமுறை கேட்கும் ஆசையில் கொண்டுவந்திருந்தார்.

ஆர்ச்வே கோயிலில் தேவாரப் போட்டி வந்தது. நான் பாடுவதைப் பதிந்து கேட்க நினைத்தேன். கசெட்டின் விளிம்பில் துளை இருந்தால் பதிய முடியாது. அம்மா அதன்மேல் செலோடேப் ஒட்டிப் பக்திப்பாட்டுப் பதிவார். மாமாவின் ரெக்கோடரில் கிடந்ததை எடுத்து, எது என்றும் பாராமல், நானும் அப்படியே ஒட்டிப் பாடிப் பதிந்தேன்.

பின்னேரம் மாமா படியிறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"பிள்ளை, என்ர கசெட்டைத் தொட்டனீங்களோ?"

"இல்லை மாமா."

"அவள் ஏன் தொடுறாள்?" என்றார் அம்மா குசினியில் சமைத்தபடி. "நீதான் எதையாவது அமத்தியிருப்பாய். உன்ர மூளை எந்நேரமும் அந்தக் காட்டுக்குள்ள!"

மாமா என்னையே பார்த்தார்.

"ஓம் அக்கா. நான்தான் போல."

பேராசிரியரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சி வேறொருவருக்குப் போனது. மாமா உள்ளூர்க் கவுன்சில் வேலைக்குப் போனார். போட்டியன்று முன்வரிசையில் இருந்து எனக்குக் கைதட்டினார். தப்பிவிட்டேன் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

கிழவியின் சிரிப்பு இருந்த இடத்தில் என் குரல்தான் இருந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் படியிறங்கி வந்தார் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார். மன்னிப்புக் கேட்டால் என் மனம் ஆறும். ஆனால் இத்தனை காலம் எனக்காக அவர் மூடிவைத்ததை நானே திறந்ததாகிவிடாதா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.