தம்ரோங் தாண்டிய மத்தளம்

தோன்புரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்ரோங்குக்கு இடது காது கிடையாது. ஒரு வெட்டுக்கத்தி அதைக் கொண்டுபோனபோது அவனுக்குப் பதினேழு வயது.

தொழிற்கல்லூரிப் பையன்கள் தங்கள் கல்லூரிச் சட்டையின் நிறத்துக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. நீலச்சட்டைக்காரர்களான தம்ரோங்கும் பிரபாத்தும் போன பேருந்தில் செஞ்சட்டைகள் மூன்று பேர் ஏறினார்கள். பிரபாத்தின் வயிற்றில் கத்தி இறங்கியது. நண்பனைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு குதித்து ஓடிய தம்ரோங், கண்ணில் பட்ட கோயில் மண்டபத்துக்குள் பாய்ந்தான்.

உள்ளே இசைக்கல்லூரி மாணவர்களின் குரு பூசை. பன்றித்தலைப் படையலுக்கு முன்னால் மாலை சூடிய மத்தளம். வாத்தியங்களுக்கெல்லாம் அதுதான் குரு. கண்மண் தெரியாமல் வந்தவன் அதைத் தாண்டிக் குதித்துவிட்டான்.

“அடப்பாவி! குருவையே தாண்டிட்டியேடா!” என்று அலறினாள் லம்துவான். மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ரனாத்தின் முன் உட்கார்ந்திருந்தவள்.

மற்ற இருவரோடும் வெட்டுக்கத்தியோடு துரத்தி வந்த செஞ்சட்டைக்காரன் சக்தா மத்தளத்தின் முன்னால் நின்றான். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அதைத் தாண்டினால் கைகால் விளங்காது என்று சொல்லித்தானே அவனையும் வளர்த்திருந்தார்கள்!

லம்துவான் அந்த நொடியை விடவில்லை. வணக்கப் பாட்டைத் தொடங்கினாள். அது ஒலிக்கையில் கைகூப்பாமல் நிற்க எவனுக்குத் துணிச்சல் வரும்? மூன்று பேரும் கத்தியை மடியில் வைத்துக் கைகூப்பி உட்கார்ந்தார்கள்.

“முடியட்டும்டா, உன் கழுத்தை அறுக்கிறேன்” என்று முணுமுணுத்தான் சக்தா.

“முதல்ல செருப்பைக் கழட்டுடா எருமை, கோயில்ல இருக்கே!” என்றான் தம்ரோங்.

சக்தா கூச்சத்தோடு கழற்றினான்.

பாட்டு முடியப்போனது. லம்துவான் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும். மறுபடியும். சாவு வீட்டு இரைச்சல் என்று இந்த இசையைக் கேலி செய்து வந்தவன் தம்ரோங். இன்று ஒவ்வொரு தட்டும் அவன் கழுத்துக்கும் கத்திக்கும் நடுவே வந்து விழுந்தது. கண்கள் பொங்கின. ஆனால் மடியில் பிரபாத் சில்லிட்டுக்கொண்டிருந்தான். அவன் ரத்தம் ஓடி மாலையின் மல்லிகையைத் தொட்டது.

“அக்கா, நிறுத்துங்க!”

“நிறுத்தினா உன்னைக் கொன்னுடுவாங்கடா!”

“நிறுத்தலைன்னா இவன் செத்துடுவான்க்கா!”

ரனாத் நின்றது. தம்ரோங் மத்தளத்தின் முன் விழுந்து கும்பிட்டான். நண்பனைத் தூக்கிக்கொண்டு கத்தியை நோக்கி நடந்தான்.

“என்னை வெட்டிக்கோ. இவனை மட்டும் விட்டுடு.”

வெட்டு விழுந்தது. காது அறுந்து தரையில் தெறித்தது. கழுத்தெல்லாம் ரத்தம். அப்போதும் அவன் நண்பனைக் கீழே போடவில்லை. சக்தா இரண்டாம் முறை ஓங்கியபோது லம்துவான் வீசிய வாசிப்புக்கோல் அவன் கண்ணில் பாய்ந்தது. மாணவர்கள் மொத்தமாக அவன்மேல் விழுந்தார்கள். தம்ரோங் வாசலைக் கடந்து ஓடினான்.

பிரபாத் பிழைத்தான். இன்று டாக்ஸி ஓட்டுகிறான். வியாழக்கிழமைதோறும் மல்லிகை மாலையோடு பட்டறை வாசலில் வந்து நிற்பான்.

“டேய் ஒத்தைக்காதா, ஏறுடா வண்டியில!”

இருவரும் அதே மண்டபத்துக்குப் போய் மத்தளத்துக்கு மாலை போடுகிறார்கள். தம்ரோங் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவான். பட்டறையில் கிடக்கும் கயிற்றைக்கூட இன்றுவரை அவன் தாண்டியதில்லை.