வலப்பக்கம் தைத்த பாட்டுப் புத்தகம்

எந்தப் புத்தகம் வந்தாலும் ஜன்னத் அதை உடனே பிரித்துப் பார்க்கமாட்டாள். தாள்களின் கீழ்மூலைகளைத்தான் முதலில் பார்ப்பாள். விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிய மூலை எது என்று தெரிந்த பிறகே ஊசியில் நூல் கோப்பாள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்கு வந்த புதிதில் இந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை. 1957-ஆம் வருஷம் வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர் பஷீர் வீட்டு முன்னறையில் பைண்டிங் வேலை செய்தார். தைப்பது ஜன்னத். ஓரம் வெட்டி அட்டை போடுவது அவர். ஆள் வந்தால் அவள் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். அங்கிருந்தே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பஞ்சுக் கம்பெனி குமாஸ்தா வரதராஜுலு ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தார்.

"பாய், இது எங்க தொரைசானியம்மா உசுருங்க. கிரேக்க தேசத்துக்காரங்க. அவங்கப்பா கோயில்ல பாடறவரு, அவரே கையால எழுதுனது. அவங்க கோயிலுக்குப் போகோணும்னா கல்கத்தாவுக்குத்தான் போகோணும். அதனால ஈஸ்டருக்கு ஊட்டுலயே இதப் பாத்துப் பாடுவாங்க. பதனமா செஞ்சு குடுங்க."

அட்டை போயிருந்தது. மடிப்பெல்லாம் இற்று, ஒவ்வொரு தாளும் தனித்தனியாகக் கிடந்தது. ஜன்னத் மேல்தாளைப் பார்த்தாள். எழுத்து புரியவில்லை. ஆனால் எழுத்துகளுக்கு மேலே வளைவும் கோடும் புள்ளியுமாகக் கறுப்பிலும் சிவப்பிலும் குறிகள். சிறுவயதில் குர்ஆன் ஓதியபோது விரல் வைத்துத் தொடர்ந்ததும் இப்படிப்பட்ட குறிகளைத்தான். ஓதுகிற கிதாபு, அதாவது வேதப் புத்தகம்தான் என்று முடிவுசெய்துவிட்டாள். வலமிருந்து இடமாக ஓதும் தன் கிதாபுகளைத் தைப்பதுபோலவே இதையும் வலப்பக்கம் வைத்துத் தைத்து பஷீரிடம் கொடுத்தாள்.

வரதராஜுலு கேட்டுவந்த அன்று மத்தியானம் பஷீர் அதை அழுத்துக்கட்டையில் வைத்து இறுக்கினார். கத்தியைத் தீட்டி, இடதோரத்தில் வைத்தார்.

"சவரக் கத்தியாட்ட இருக்குதே, பாய்" என்றார் வரதராஜுலு.

"சவரமே பண்ணலாமுங்க, உக்காருங்க."

திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னத்தின் கண் தையல் பக்கம் போனது. தைத்த ஓரத்தின் கீழ்மூலையில், தாளுக்குத் தாள், பழுப்பாக விரல் அழுக்கு. தையலுக்குள் எப்படி விரல் பட்டிருக்கும்? கத்தி வைத்திருந்த ஓரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு பாட்டின் முதலெழுத்தும் பெரிதாக, சிவப்பாக, விளிம்பை ஒட்டி நின்றது. கத்தி இறங்கினால் அத்தனையும் சீவிக்கொண்டு போய்விடும்.

அந்நிய ஆள் முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை.

"ஏனுங்க! வெட்டாதீங்க!"

பஷீர் திடுக்கிட்டுக் கத்தியைத் தூக்கினார். திரையை விலக்கிக்கொண்டு வந்தே விட்டாள்.

"பக்கம் மாத்தித் தெச்சுப்போட்டேன். பாருங்க, அவங்க பெரட்டுற மூலை தையலுக்குள்ள இருக்குது."

பஷீர் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பாய் ஊட்டுல பேச ஆளு இருக்குதுன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார் வரதராஜுலு. ஆனால் அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது.

ஜன்னத் நூலைப் பிரித்தாள். சிவப்பு எழுத்துகள் தையலில் சிக்காதபடி ஒவ்வொரு தாளின் இடதோரத்திலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில் தைத்தாள். பஷீர் ஓரம் வெட்டவே இல்லை. ஆனால் வலப்பக்கம் தன் ஊசி போட்ட துளைகளை மறைக்க வழியில்லை. அதை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் துரைசானியம்மாள், கல்லியோப்பி, நேரிலேயே வந்தாள். புத்தகத்தைத் திறந்ததும் அவள் விரல் துளைகளில்தான் நின்றது. வரதராஜுலு தொண்டையைச் செருமினார். அதற்குள் ஜன்னத்தே முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க தப்பாத் தெச்சது. நாங்க ஓதுற கிதாபாட்ட நெனச்சுப்போட்டனுங்க."

வரதராஜுலு அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் ஜன்னத்தைப் பார்த்தாள், துளைகளைப் பார்த்தாள், கடகடவென்று சிரித்தாள். ஏதோ சொன்னாள்.

"எழுத்து ஒண்ணும் போகலீல்ல, அது போதும்கிறாங்க. அவங்கப்பா தாடியப் பாத்தும் ஊர்ல எல்லாரும் பாயின்னு நெனச்சு இப்படித்தான் ஏமாந்தாங்களாம்."

பிறகு அந்த அம்மாள் அங்கேயே, பசைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று, குறிகளில் விரல் வைத்துத் தாழ்ந்த குரலில் பாடினாள். தாள் தீர்ந்ததும் அந்தப் பழுப்பு மூலையைப் பிடித்துப் புரட்டினாள். ஜன்னத்துக்கு அன்று மதியம் நல்ல பசி.

இப்போது கல்லியோப்பி அம்மாள் குன்னூரில் இருக்கிறாள். ஈஸ்டருக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுகிறாள் என்று வரதராஜுலு வரும்போது சொல்வார். அதன் தையல் இன்னும் பிரியவில்லை. ஜன்னத் அதே வீட்டில் புத்தகம் தைக்கிறாள். கத்தி வைக்கும் முன் பஷீர் அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வெட்டுகிறார்.