உம்மாவின் பிரஷர் குளிசை

பிள்ளைகளே, உங்களில் மூத்தவள் உம்மாவின் வயிற்றில் இருந்தபோது, கரைத்தீவுக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஒருவரைச் சந்தித்தேன். மெலிந்த மனிதர், காதோரம் நரை. குளிசையை எப்போது போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதை நம் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பார்.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எனக்கு, சும்மா தரும் எதிலும் சந்தேகம்.

"நோவே இல்லாத பொம்புளைக்கு எதுக்கு சேர் குளிசை?"

"பிரஷர் நோகாது தம்பி. கூடினா தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து."

நான் நம்பவில்லை. உம்மாவைக் குளிசை போட விடாமல் தடுத்தேன். நஞ்சா என்று பார்க்க, மறுநாள் நானே இரண்டைப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனேன். தலை சுற்றி வரப்பில் விழுந்தேன். கூட்டாளிமார் அதே கிளினிக்குக்குத்தான் தூக்கிப்போனார்கள்.

"பாருங்க சேர், நஞ்சுதான்!" என்று கத்தினேன்.

அவர் என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைக் கட்டி அளந்தார். "ஒங்களுக்கு எத்தன மாசம் தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"பிரஷரே இல்லாத ஒங்களுக்கு இவ்வளவு இறக்கியிருக்கு. அத இறக்கத்தானே தந்தது? அவ போட்டாவா?"

"இல்ல சேர். நான் விடல்ல."

அவர் முகம் மாறியது. அன்றே என்னுடன் வீட்டுக்கு வந்து, உம்மாவின் பிரஷரை அளந்து, குளிசையைக் கொடுத்தார். பிறகும் பல காலைகளில் சைக்கிளில் வந்தார். உம்மா விழுங்கும்வரை அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூத்தவள் சுகமாகப் பிறந்தாள். அவர் கடைசிவரை என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.