ஒட்டிப் பிடித்த கம்பி

என் மேஜை இழுப்பறையில் உடைந்த முறுக்குக் கம்பியின் இரண்டு துண்டுகள் கிடக்கின்றன. உடைந்த முனையில் இரண்டும் இடுப்புபோலச் சிறுத்திருக்கும். மதுரையில் கட்டடக் கம்பிகளை இழுத்துச் சோதிக்கும் கூடம் எங்களுடையது. கம்பி உடைந்ததும், உடன் வேலை பார்த்த அக்கா துண்டுகளை இரண்டு கையாலும் ஒட்டிப் பிடிப்பார். எவ்வளவு நீண்டிருக்கிறது என்று நான் ஸ்கேல் வைத்து அளப்பேன். வாயும் சும்மா இருக்காது. செல்லூரில் அவர் வீட்டுத் தறிச் சத்தம் முதல் என் மாமியார் வரை அப்போதுதான் பேசித் தீர்ப்போம்.

ஒரு மத்தியானம் அக்கா சாப்பிடப் போயிருந்தார். கம்பி இளகி நீளத் தொடங்கிய வேளையில் கரண்ட் போய், இயந்திரத்தின் இழுப்பு தளர்ந்தது. கரண்ட் வந்ததும் புதுத் துண்டு மாட்டியிருக்க வேண்டும். சோம்பல்பட்டு அதையே மறுபடி இழுத்தேன். ஒரு முறை இழுபட்ட இரும்பு இறுகிவிடும், அடுத்த முறை லேசில் இளகாது. அதனால் கம்பி உள்ளதைவிடப் பலசாலியாகத் தாளில் ஏறியது. அக்கா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். வேறு கூடத்து முடிவோடு ஒத்துப்போகவில்லை என்று கம்பி கொடுத்தவர்கள் வந்து நின்றபோது, மேலாளர் எல்லார் முன்னாலும் அக்காவைத்தான் வைதார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை.

மறுநாள் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"மிஷின் போட்ட கிராஃப எடுத்துப் பாத்தேன், தெரிஞ்சுபோச்சு. நேத்து அங்கனயே சொல்லிருந்தா எனக்கு இம்புட்டு வலிச்சிருக்காதுடி" என்றார்.

அப்புறமும் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வடை வாங்கி வைத்தால் சிரித்தபடி சாப்பிடுவார். ஆனால் துண்டுகளை ஒட்டிப் பிடிக்கும்போது அளவைத் தவிர வேறு பேச்சில்லை. பழைய பேச்சைத் திரும்பக் கொண்டுவர நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன், நடக்கவில்லை.

அக்காவின் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி அக்கா வேலையை விட்ட நாளில், கடைசிக் கம்பியை அளந்தோம்.

"அளந்துட்டியா?"

"இன்னொரு தடவ பாத்துக்கிறேன்க்கா."

நான் மூன்று தடவை அளந்தேன். அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கை துடைத்து, "வாரேன்டி" என்று போனவர்தான்.

இப்போது நீளத்தையும் கம்ப்யூட்டரே அளந்துவிடுகிறது. ஆள் இல்லாத வேளைகளில் இழுப்பறையிலிருந்து அந்தக் கடைசிக் கம்பியின் துண்டுகளை எடுத்து ஒட்டிப் பார்ப்பேன். பிடிக்கவே என் இரண்டு கையும் சரியாகப் போய்விடுகிறது. ஸ்கேல் மேஜையிலேயே கிடக்கிறது.