சோகப் பாட்டு அட்டையில் நடந்து போனவள்

மாமாவின் சோகப் பாட்டுக் கேசட் அட்டையில், சூரியன் மறையும் கடலை நோக்கி ஒரு பெண் கூந்தலை விரித்துவிட்டு நடந்து போவாள். அவளால் மாமாவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அம்மாவின் தம்பியான மாமா, கிள்ளானில் கல்யாண வீடுகளில் பாடுவார். கேசட் போடப் போகிறேன் என்றதும், பிரிக்பீல்ட்ஸில் அட்டை தயாரிப்பவர் சட்டம் போட்டுவிட்டார். சாமிப் பாட்டு என்றால் மஞ்சள் பின்னணியில் குத்துவிளக்கு. ஆட்டப் பாட்டுக்கு மின்னல் வெட்டிய மாதிரி எழுத்து. சோகப் பாட்டு என்றால் ஒரு பெண் விட்டுப் போகவேண்டும்.

"கடையில பாட்டக் கேட்டா வாங்குறாங்க, தம்பி? அட்டையப் பாத்துதான் லா. பொண்ணு போனாத்தான் சோகம்."

அப்படிப் போவதற்கு எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பவில்லை. கடைசியில் அம்மாவைத்தான் போர்ட் கிள்ளான் கடலோரத்துக்குக் கூட்டிப் போனோம். அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு நடந்தாள்.

"போதும்க்கா! ஒரே தடவையில வந்திருச்சு. மத்தவங்களுக்கு நாள் முழுக்கச் சொல்லித் தரணும்" என்று படம் எடுத்தவர் கத்தினார். அம்மா நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் திரும்பினாள். காற்றில் கேட்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேசட் வெளிவந்த கொஞ்ச நாளில் பக்கத்து ஊரான மேருவிலிருந்து, மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அத்தை கைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யாரு இவ? போயிட்டவளா, திரும்பி வரப் போறவளா?"

மாமா தரையைப் பார்த்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும் விஷயத்தை ஏன் யாருமே சொல்லவில்லை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீ ஸ்கூல் போற பிள்ளதானே, படி. அவ பேரு போட்டிருக்கா?" என்று அத்தை கேசட்டை என்னிடம் நீட்டினார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கத் தெரிந்தவள் நான். எழுந்து நின்று, பாட்டுகளின் தலைப்பு, மாமாவின் பெயர், அச்சகத்தின் முகவரி எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். "பேரு போடல ஆன்டி. ஆனா எனக்குத் தெரியும். அது எங்கம்மா."

மாமா முகத்தை மூடிக்கொண்டார்.

"அடப்பாவி, கூடப் பொறந்த அக்காவையா நிக்க வச்சே!" அத்தை சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு அட்டையை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்று, மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுக்காரரு கடைசியா எப்பம்மா வந்தாரு?"

அப்பா லோரி ஓட்டிக்கொண்டு ஜொகூர் பக்கம் போனவர். அவரை எதற்கு இப்போது விசாரிக்கிறார்கள்? அம்மா ஏன் பானையையே துலக்கிக்கொண்டிருக்கிறாள்?

கல்யாணம் முடிவானது. நான் படித்துக் காட்டியதால்தான் என்று பள்ளியில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். அந்த அட்டையில் ஓர் எழுத்தைக்கூட விடாமல் படித்தவள் நான்தானே.