மடத்துப் பண்ணையில் ஆத்துமாக்கள் திருநாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் நோர்பரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு பழைய பண்ணையில் எனக்குக் காவல் வேலை. ஒரு காலத்தில் அது துறவிகளின் மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. மடம் எங்கேயோ தொலைவில். இங்கே நின்று உழுததும் ஆடு மேய்த்ததும் கூலியில்லாமல் வேலைக்கென்றே மடத்தில் சேர்ந்த, எழுத்தறியாத பிரதர்மார். அவர்கள் வளர்த்த ஆட்டின் கம்பளியை விற்றுத்தான் மடம் கோயில் கட்டியதாம். பிறகு ஒரு ராஜா எல்லாவற்றையும் பறித்துக்கொண்டான். வாசல் பலகையில் மடத்துத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மாடாய் உழைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவை அங்கே கூட்டிப் போனது என் பிழை. அன்று ஆத்துமாக்கள் திருநாள், செத்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள். மன்னாரில் என்றால் சேமக்காலையில் கல்லறை முழுக்க மெழுகுதிரி எரியும். லண்டனில் எங்களுக்கென்று ஒரு கல்லறை கிடையாது. அப்பாவுக்காகக் கோயிலில் பூசை கேட்ட அம்மா, தம்பிக்காகக் கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்பு மன்னாரில் அவனை வீட்டு வாசலில் வைத்து ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் தெரியும். "அவன் செத்துப்போனான், விளங்கிக்கொள்ளுங்கோ" என்று நான் ஒருமுறை கத்தியதற்கு, மூன்று நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

வீட்டில் தனியே இருந்து அழுவாரே என்று கூட்டிப் போனேன். பஸ்ஸில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பிரதர்மாரின் கதையையும் சொன்னேன். நான் கதவுகளைத் திறந்துவிட்டு வருகிறேன், பின்வளவில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் முழங்காலில் நிற்கிறார். புல்லுக்குள் நீளமாகச் சில மேடுகள். மேட்டுக்கு ஒரு மெழுகுதிரி.

அவை கல்லறைகளே அல்ல. பழைய ஆட்டுப்பட்டியின் அத்திவாரம். நெருப்பு மூட்டக்கூடாது என்று போர்டு வேறு.

"அம்மா, எழும்புங்கோ. என்ர வேலைக்கு உலை வைக்கப் போறியளே?"

"கத்தாதை மோனை. இதுகளுக்குப் பேரும் இல்லை, கொளுத்த ஆளும் இல்லை எண்டு நீதானே சொன்னனி."

"சொன்னன்தான். ஆனா இது..."

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்றில் அணைந்த ஒன்றைத் திரும்பக் கொளுத்தினார்.

"இதுகளும் ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே. இதுகளுக்கு நான் கொளுத்தினா, அங்கை அவனைத் தாட்ட இடத்தில ஆரோ ஒரு தாய் கொளுத்துவாள்."

அவனைப் புதைத்துவிட்டார்கள் என்ற இந்த ஒரு வார்த்தையை அம்மாவின் வாயிலிருந்து வாங்கத்தானே ஏழு வருஷமாக அவரோடு மல்லுக்கட்டினேன். வாங்கிய பிறகு அதைத் தாங்க என்னால் முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லையம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ. அவன் எங்கையாவது இருப்பான்" என்றேன்.