காசியம்மாள் சேர்த்த ஓட்டு

செங்கல்பட்டில் எங்கள் லைன் வீடுகளில் பொய் சொல்லி நம்பவைக்கிற வேலை என்னுடையதாக இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்ட பிறகு கைவசம் மிஞ்சியது அது ஒன்றுதான். ஐம்பத்திரண்டில் பெரிய எலெக்‌ஷன் முடிந்து, அடுத்து முனிசிபல் எலெக்‌ஷன் வந்தபோது காசியம்மாள் அக்கா அதையும் பிடுங்கிக்கொண்டாள். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் பஸ் ஸ்டாண்டில் பூ விற்பவள். எதையும் முழத்தில்தான் அளப்பாள். லைனில் பதினோரு அறை, ஒரு கிணறு. அறை ஒன்று ஏழு முழத்துக்கு ஆறு முழம். அதற்குள் அவள், மகன் ராஜேந்திரன், புது மருமகள் பொன்னி. நடுவில் ஒரு பழைய சேலைத் திரை. நாலு மாசம் பார்த்துவிட்டு, கதவு வைத்த ஓர் அறை கிடைத்தால் வருகிறேன் என்று பொன்னி சதுரங்கப்பட்டினத்துக்கே, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டைகூட இல்லை. ராஜேந்திரன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அவளைத் திரும்பக் கொண்டுவர ஒரு வீடு வேண்டும். காசியம்மாளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

மரவாடி ஜெயினுலாபுதீன் பாய் கவுன்சிலருக்கு நின்றார். ஏரிக்கரைப் பக்கம் சும்மா கிடக்கும் முனிசிபாலிடி நிலத்தில், எங்களைப்போல வாடகைக்கு இருக்கிற குடக்கூலிக்காரர்களுக்கு நாற்பது வீடு கட்டவைப்பேன் என்றார். எதிரே நின்றவர் எங்கள் லைனுக்கே சொந்தக்காரர். நாற்பது வீடு வந்தால் ஊர் கெட்டுவிடும் என்றார். அவர் வீட்டில் பதினாலு ஜன்னல். எண்ணியிருக்கிறேன், இரண்டின் கண்ணாடியை உடைத்தும் இருக்கிறேன்.

பாயின் ஆட்கள் நோட்டீஸ் கொடுத்தார்கள். சுகாதாரம், காற்றோட்டம் என்று பேசினார்கள். ஒருவரும் அசையவில்லை. காசியம்மாள் பூக்கூடையோடு வீடு வீடாகப் போனாள். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதுராந்தகத்துக்கு அறுபது வீடு சாங்ஷன் ஆகிவிட்டதாம், பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள் என்றாள். சுத்தப் பொய்.

நாஸ்தாக் கடை சுல்தான் பீவி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "மதுராந்தகத்துக்கா? அவங்களுக்கு இன்னாத்துக்கு அறுவது?"

"அதான் நானும் கேக்கறேன். கேட்டவன் வாங்கிக்கினு போறான். நாம பாத்துகினு கீறோம்."

கிழக்குத் தெருவில் மேற்குத் தெருக்காரர்கள் முந்திவிட்டார்கள் என்றாள். மேற்குத் தெருவில் கிழக்குத் தெருவைச் சொன்னாள். ஒரே வாரத்தில் வார்டு முழுக்கப் பொருமியது. பத்து நாள் யோசித்தாலும் அப்படி ஒரு பொய் எனக்கு வந்திருக்காது.

பெண்கள் ஓட்டில்தான் சிக்கல். லிஸ்டைப் பார்க்கிற ஆபீசர் புருஷன் பேரைக் கேட்பார். இவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பெரிய எலெக்‌ஷனில் எங்கள் லைனில் இருக்கிற வேண்டா என்பவள் தன் ஜடையைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறாள், புருஷன் பேர் சடையப்பன் என்பதற்காக. வெளியூர் ஆபீசர், தலைவலி போலிருக்கிறது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால் காசியம்மாள் கிணற்றடியில் வகுப்பு நடத்தினாள். குடம் நிறைவதற்குள் ஒவ்வொருத்தியும் புருஷன் பேரை ஒரு தரம் சொல்லவேண்டும். முதல் நாள் கிணற்றுக்குள் குனிந்து சொன்னார்கள். நாலாம் நாள் வேண்டா போட்ட சத்தத்தில் அறைக்குள் படுத்திருந்த சடையப்பன், கூப்பிட்டியா என்று எழுந்தே வந்துவிட்டார்.

காசியம்மாள் மட்டும் சொல்லிப் பழகவில்லை. அவள் புருஷன் துரை பத்து வருஷமாகத் திருக்கழுக்குன்றத்தில் ஆராயி என்பவளோடு இருக்கிறார். ஆராயி நடுக் கடைத்தெருவில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம். அவர் போனதைக்கூட காசியம்மாள் ஒருவாறு பொறுத்துக்கொண்டாள். தான் ஒருநாளும் வாயில் எடுக்காத பேரை இன்னொருத்தி எடுத்து ஆள்கிறாளே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஓட்டு நாளில் நான் பூத் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அப்போதெல்லாம் நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கலரில் தனி ஓட்டுப் பெட்டி. லைன் பெண்கள் வரிசையாகப் பேரைச் சொல்லிவிட்டு, பாயின் பச்சைப் பெட்டி இருந்த மறைப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். காசியம்மாள் முறை வந்தது. புருஷன் பேர் என்ன என்றார் ஆபீசர். அவள் சும்மா நின்றாள். எதிர்க்கட்சி ஏஜெண்ட் எழுந்து, இவள் வேறு யாரோ, விடக்கூடாது என்றான். தினம் அவளிடம் பூ வாங்குகிறவன். நானே கத்திச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

பின்னால் நின்ற வேண்டா மெதுவாகச் சொன்னாள்: "யக்கா, பொன்னிய நெனச்சிக்கோ."

"துரை," என்றாள் காசியம்மாள். பிறகு யாரும் கேட்காமலே, "நாந்தான் அவரு சம்சாரம். தாலி கட்னது எனக்கு. அத்தயும் எழுதிக்கோங்க," என்றாள்.

பாய் ஜெயித்தார். நாற்பது வீடு பதினாறாகச் சுருங்கி, இரண்டு வருஷம் கழித்து எழும்பியது. ஒன்று ராஜேந்திரன் பேருக்கு வந்தது. பொன்னியும் வந்தாள். அம்மாவையும் கூட வரச் சொல்லி ராஜேந்திரன் கெஞ்சிப் பார்த்தான்.

"மூணு பேரா போனா அதுவும் இந்த மாதிரிதான் ஆவும். நீங்க போங்க," என்றாள்.

கைவண்டியில் சாமான் ஏறியது. லைனில் மீதி இருந்த நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று, அவன் அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தோம். அவளும் எங்களோடு நின்றாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் முகம் மாதிரியேதான் இருந்தது.